வீட்டை விக்கலாம், வீட்டுக் கதையை எதுக்கு விக்கணும்?

வாசகர் கேள்வி பதில்

வீடு விக்க என்னென்ன பேப்பர் ரெடி பண்ணணும்னு போன இதழ்ல எழுதினோம். அதுக்கு அப்புறம் வந்த கடிதங்கள்ல முக்கால்வாசி பேர் கேட்டது பேப்பரைப் பத்தியே இல்ல. விக்கிற விஷயம் தெருவுக்குத் தெரியக்கூடாது, போன் நம்பர் ஊர் சுத்தக்கூடாது, ஆதார் ஜெராக்ஸ் எவன் கைக்காவது போயிடுமோ, இப்படித்தான் கேட்டிருக்காங்க. பேரைப் போடாதீங்கன்னு எல்லாரும் ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கீங்க, நியாயம்தான், ஊர் மட்டும் போட்டிருக்கோம்.

வாசகி, நங்கநல்லூர்

*என் வீட்டுக்காரர் தவறினதுக்கு அப்புறம் ஃப்ளாட்ல நான் மட்டும்தான். பையன் அமெரிக்கால இருக்கான். இதை வித்துட்டு தங்கச்சி வீட்டுப் பக்கத்துல சின்னதா ஒண்ணு பார்க்கலாம்னு இருக்கேன். பையன் அங்கேருந்தே ஒரு வெப்சைட்ல விளம்பரம் போட்டு என் நம்பரைக் குடுத்துட்டான். அன்னிலேருந்து காலைல 7 மணிக்கும் போன், ராத்திரி 10 மணிக்கும் போன். பாதிப் பேர் புரோக்கர். "ஆன்ட்டி, வீட்ல யார் யார் இருக்கீங்க"ன்னு வேற கேக்கறாங்க. பயமா இருக்கு.*

பயப்படாதீங்கம்மா, ஆனா இன்னிக்கே அந்த விளம்பரத்தை எடுக்கச் சொல்லுங்க, எடுத்துட்டு வேற மாதிரி போடலாம்.

முதல்ல நம்பர். ஒரு புது சிம் வாங்கி பழைய போன் ஏதாவது ஒண்ணுல போட்டுக்குங்க, வீடு விக்கிறதுக்கு மட்டும் அந்த நம்பர். பேங்க், ஆதார், கேஸ், எதோடயும் அதை லிங்க் பண்ண வேண்டாம். வாட்ஸ்அப்ல உங்க முகம், பேரன் முகம் எல்லாம் வைக்காம சும்மா ஒரு பூ படம் வைங்க. சாயங்காலம் 6 மணிக்கு மேல அந்த போனை ஆஃப் பண்ணிட்டு டிராயர்ல போடுங்க. நிஜமா வாங்கணும்னு நினைக்கறவங்க மறுநாள் காலைல கண்டிப்பா கூப்பிடுவாங்க.

அடுத்தது போட்டோ, இதைப் பத்தி கொஞ்சம் நீளமா சொல்லணும். நம்ம ஆளுங்க வீட்டு போட்டோ எடுக்கறப்போ ஹால் பெருசா தெரியுதா, வெளிச்சம் நல்லா இருக்கான்னு மட்டும்தான் பார்க்கறாங்க. ஆனா உங்க ஹால் போட்டோல டிவிக்கு மேல சார் படம் மாலையோட இருந்தா, பக்கத்துல பையன் பட்டமளிப்பு படத்துல பின்னாடி வெளிநாட்டு யுனிவர்சிட்டி பேர் தெரிஞ்சா, வாசல்ல ஒரே ஒரு ஜோடி செருப்பு கிடந்தா, பெட்ரூம் ஸ்டூல்ல சுகர் மாத்திரை டப்பா இருந்தா, இங்க யார் இருக்காங்க, எப்படி இருக்காங்கன்னு பார்க்கறவனுக்கு ஒரு போன் கூடப் பண்ணாமயே தெரிஞ்சுடும். பீரோல சாவி தொங்கறது, பூஜை ரூம்ல வெள்ளி விளக்கு, ஃபிரிட்ஜ்ல ஒட்டின பேரனோட ஸ்கூல் டைம்டேபிள், இதெல்லாம் எடுத்து உள்ள வச்சுட்டு அப்புறம் போட்டோ எடுங்க. வெளிப்பக்கம் எடுக்கறப்போ நேம் போர்டு, டோர் நம்பர், வண்டி நம்பர், இபி மீட்டர் இதெல்லாம் வரவேண்டாம். இபி நம்பர் தெரிஞ்சா என்ன ஆயிடப் போகுதுன்னு தோணும், "இன்னிக்கு ராத்திரி கரண்ட் கட் ஆயிடும், உடனே இந்த நம்பருக்குப் பேசுங்க"ன்னு வர்ற மோசடி மெசேஜ் உங்க சர்வீஸ் நம்பரோட வந்தா நீங்களே நம்பிடுவீங்க.

இன்னொண்ணு, போன்ல எடுத்த படத்துக்குள்ள எங்க எடுத்ததுங்கற லொகேஷனும் உக்காந்திருக்கும். கேமரா செட்டிங்ஸ்ல லொகேஷனை ஆஃப் பண்ணிட்டு எடுக்கச் சொல்லுங்க. விளம்பரத்துல மேப் கேட்டாலும் வீட்டு மேல புள்ளி வைக்காதீங்க, "நங்கநல்லூர், மெட்ரோ ஸ்டேஷன்லேருந்து நடந்து போற தூரம்"னு போட்டா போதும். அட்ரஸை நேர்ல வரேன்னு உறுதியா சொல்றவங்களுக்கு மட்டும் குடுங்க.

"யார் யார் இருக்கீங்க"ன்னு கேட்டா "குடும்பத்தோட இருக்கோம்"னு சொல்லிட்டு உடனே சதுர அடிக்குப் போயிடுங்க. பொய் சொல்றோமேன்னு மனசு உறுத்த வேண்டாம், அதைத் தெரிஞ்சுக்க அவங்களுக்கு எந்த உரிமையும் இல்ல. வீடு பார்க்க வரவங்க பேரு, நம்பர், எத்தனை பேர் வராங்க எல்லாம் முன்னாடியே வாங்கி தங்கச்சிக்கும் பையனுக்கும் அனுப்பிடுங்க, கீழ செக்யூரிட்டி நோட்டுல எழுதச் சொல்லுங்க. வாரத்துல ரெண்டு நாள், பகல்ல, தங்கச்சி வீட்டுக்காரரோ யாரோ ஒருத்தர் கூட இருக்கற நேரமா பார்த்து எல்லாரையும் அப்பவே வரச் சொல்லிடுங்க. வந்தவங்க எல்லாரும் சேர்ந்தே ஒவ்வொரு ரூமா பார்க்கட்டும், ஒருத்தர் உங்ககிட்ட ஹால்ல பேசிட்டு இருக்க இன்னொருத்தர் தனியா பெட்ரூம் போறது மட்டும் கூடாது. நகை வீட்ல இருந்தா லாக்கர்ல வைங்க. வீட்டு சாவியை எந்த புரோக்கர்கிட்டயும் குடுக்காதீங்க, எவ்வளவு தெரிஞ்சவரா இருந்தாலும்.

வாசகர், கோவை

*புரோக்கர் ஒருத்தரு பார்ட்டி ரெடியா இருக்குன்னு சொல்லி தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கம், ஆதார், பான் எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்றாருங்க. அனுப்பலைன்னா பார்ட்டி வேற எடத்துக்குப் போயிரும்னு அவசரப்படுத்தறாரு. அனுப்பலாமுங்களா?*

அனுப்பாதீங்க சார். இல்ல, எல்லாத்தையும் ஒரேயடியா அனுப்பாதீங்க.

அந்த பார்ட்டி யாருன்னே உங்களுக்குத் தெரியாது, நீங்க அனுப்பற பிடிஎஃப் நேரா ஒரு பார்ட்டிக்குப் போகப்போறதும் இல்ல, புரோக்கர்ங்க குரூப்ல போய் விழும், அங்கேருந்து நூறு போன். அப்புறம் "டெலிட் பண்ணுங்க"ன்னு யாரைக் கேப்பீங்க?

சும்மா விலை விசாரிக்கறவருக்கு ஏரியா, அளவு, திசை, கட்டி எத்தனை வருஷம், என்ன விலை, இவ்வளவு போதும். நேர்ல வந்து பார்த்துட்டுப் பிடிச்சிருக்குன்னு சொன்னா சர்வே நம்பரும் பத்திர நம்பரும் குடுங்க, அதை வச்சு அவரே பதிவுத்துறை வெப்சைட்ல வில்லங்கம், அதாவது அந்தச் சொத்து மேல பதிவான விற்பனை, அடமான விவரம், போட்டுப் பார்த்துக்கலாம், உங்க காப்பி எதுவும் தேவையில்ல. விலை படிஞ்சு, "என் வக்கீல் பார்க்கணும்"னு சொல்ற கட்டத்துல பத்திர ஜெராக்ஸ் குடுங்க, அதுவும் அந்த வக்கீல் கைலயே. குடுக்கறதுக்கு முன்னாடி ஆதார் நம்பர், பான் நம்பர், கைரேகை இருக்கற இடத்தை எல்லாம் பேப்பர் வச்சு மறைச்சு ஜெராக்ஸ் எடுங்க, மார்க்கர்ல கருப்படிச்சா வெளிச்சத்துல பார்த்தா சில சமயம் தெரியும். ஒவ்வொரு பக்கத்துலயும் குறுக்கா "இன்னாருக்கு, சட்டக் கருத்துக்காக மட்டும்", தேதி, இதை எழுத்துக்கு மேலயே படற மாதிரி எழுதுங்க. ஓரத்துல எழுதினா கட் பண்ணிட்டு இன்னொரு ஜெராக்ஸ் போட்டுருவாங்க. ஒரிஜினலை நீங்க கூட இருக்கறப்போ பார்க்கட்டும், ஒரு ராத்திரி வச்சுட்டுத் தரேன்னு சொன்னாலும் வேண்டாம்.

கைரேகைக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு நினைப்பீங்க. 2018-ல தெலங்கானால ஒரு சிம் கார்டு வியாபாரி பதிவுத்துறை வெப்சைட்ல இருந்த பத்திரங்கள்லேருந்து கைரேகையை எடுத்து அச்சு பண்ணி, ஊர்பேர் தெரியாதவங்க பேர்ல ஆயிரக்கணக்குல சிம் ஆக்டிவேட் பண்ணி மாட்டினான். அதுக்கு அப்புறம் ஆதார் நம்பரும் விரல்ரேகையும் இருந்தா போதும், ஓடிபி இல்லாமயே பணம் எடுக்கற அந்த ஏஇபிஎஸ் முறைலயும் இதே வேலை நடந்திருக்கு. நம்ம பத்திரத்துல ரெண்டுமே பக்கத்துப் பக்கத்துலயே இருக்கே.

அதனால ரெண்டு விஷயம் பண்ணுங்க. ஆதாரோட யுஐடிஏஐ வெப்சைட்ல மாஸ்க்டு ஆதார்னு ஒண்ணு டவுன்லோட் பண்ணலாம், அதுல முதல் 8 நம்பர் மறைஞ்சு கடைசி 4 மட்டும் தெரியும், காட்ட வேண்டிய இடத்துல அதைக் காட்டுங்க. இன்னொண்ணு, அங்கயே பயோமெட்ரிக்கை, அதாவது ஆதார்ல இருக்கற நம்ம கைரேகை, கண் பதிவை, லாக் பண்ணி வைக்கலாம். லாக் பண்ணினவங்க பத்திரப் பதிவு அன்னிக்குக் காலைல ஞாபகமா திறந்து வைங்க, இல்லைன்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல விரலை வச்சு வச்சு எடுத்து, டோக்கன் போயி, எல்லாரும் உங்களையே முறைச்சுப் பார்ப்பாங்க.

பான் நம்பர் எப்பவுமே குடுக்கக்கூடாதுன்னு சொல்லலைங்க. விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தா வாங்கறவர் உங்களுக்குத் தர்ற பணத்துலேருந்து 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரி, பிடிச்சுக் கட்டணும், அதுக்கு உங்க பான் வேணும். குடுக்கலைன்னா 20 சதவீதம் பிடிப்பாங்க. ஆனா அது அக்ரிமென்ட் போட்டதுக்கு அப்புறம் வர்ற வேலை, அதுவும் வாங்கறவருக்கு. புரோக்கருக்கு உங்க பான் எதுக்கு?

வாசகர், மதுரை

*பிசினஸ்ல அடி வாங்கி கடன் ஆயிப்போச்சு, அதுக்குத்தேன் வீட்டை விக்கிறேன். பொண்ணுக்கு வேற வரன் பார்த்துக்கிட்டு இருக்கோம். கடன்னு தெரிஞ்சா விலையையும் அடிப்பாங்க, சம்பந்தமும் அமையாது. வர்றவன் எல்லாம் முதக் கேள்வியே "ஏண்ணே விக்கிறீக"ன்னுதேன் கேக்குறான். என்ன சொல்றது? மறைச்சா சட்டப்படி தப்பா?*

அண்ணே, எதை மறைக்கறோம்ங்கறதைப் பொறுத்தது இது.

சொத்துரிமை மாற்றுச் சட்டம்னு 1882-லேருந்து இருக்கு, அதுல 55-வது பிரிவு விக்கிறவர் என்னென்ன சொல்லியே ஆகணும்னு சொல்லுது. வீட்டுலயோ உரிமைலயோ பெரிய குறை இருந்து, அது உங்களுக்குத் தெரிஞ்சிருந்து, வாங்கறவர் சாதாரணமா பார்த்தா கண்டுபிடிக்க முடியாதுன்னா நீங்க சொல்லணும். மாடி ஒழுகறதை பெயின்ட் அடிச்சு மூடறது, பாதை விஷயத்துல பக்கத்து வீட்டுக்காரரோட கோர்ட்ல கேஸ் நடக்கறது, தங்கச்சிக்குப் பங்கு இருக்கறது, இதெல்லாம் உங்க அந்தரங்கம் கிடையாது. மறைச்சீங்கன்னா பின்னாடி வட்டியோட வரும்.

ஆனா எதுக்கு விக்கறேன், வர்ற பணத்துல என்ன செய்யப் போறேன், யாருக்கு எவ்வளவு பாக்கி, இதை எல்லாம் சொல்லணும்னு எந்தச் சட்டமும் இல்ல. "வேற எடத்துல பார்க்கறோம்ப்பா"ன்னு ஒரே பதிலை வச்சுக்குங்க, வீட்ல எல்லாரும் அதே பதிலைத்தான் சொல்லணும். அத்தை ஒண்ணு சொல்லி, சின்னப் பையன் ஒண்ணு சொல்லி மாட்டிக்கறதுதான் நிறைய. வெளியாள் கேட்டு விஷயம் பரவறதை விட, "உங்ககிட்ட மட்டும் சொல்றேன்"னு நாமளே சொந்தத்துல சொல்லித்தான் கல்யாண மண்டபம் வரைக்கும் போயிடுது. அவசரமா விக்கறோம்ங்கறதையும் காட்டாதீங்க. "இந்த மாசக் கடைசிக்குள்ள முடிக்கணும்"னு விளம்பரத்துல போட்டா கடன்னு போட்ட மாதிரிதான்.

உங்களால மறைக்க முடியாதது ஒண்ணு இருக்கு, அதைத் தெரிஞ்சுக்குங்க. அந்த வீட்டு மேல பேங்க்ல லோன் வாங்கி எம்ஓடி, அதாவது பத்திரத்தை அடமானமா வச்சதுக்கான ஆவணம், பதிவு பண்ணியிருந்தா வில்லங்கத்துல பேங்க் பேரு, தொகை எல்லாம் வரும். நீங்க வாங்கினப்போ பத்திரத்துல என்ன விலை போட்டீங்களோ அதுவும் வரும். 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி சொத்து சம்பந்தப்பட்ட 1-ம் புத்தகத்தை கட்டணம் கட்டி யார் வேணும்னாலும் பார்க்கலாம், பக்கத்து வீட்டுக்காரரும் பார்க்கலாம், வருங்கால சம்பந்தியும் பார்க்கலாம். அதனால பேங்க் லோன் இருக்கறதை வாங்கறவர் கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே சாதாரணமா சொல்லிடுங்க, வீட்டு மேல லோன் இல்லாதவங்க இன்னிக்கு யாரு இருக்கா. லோன் முன்னாடியே முடிஞ்சிருந்தா பேங்க்கிட்ட ரசீது பத்திரம் பதிவு பண்ணி வாங்கினீங்களான்னு பாருங்க, அது இல்லைன்னா கட்டின கடனும் கட்டாத மாதிரியே வில்லங்கத்துல நிக்கும். புரோநோட்டுக் கடன், கைமாத்து இதெல்லாம் அதுல வராது, கடன் குடுத்தவங்க கோர்ட்டுக்குப் போயி ஜப்தி வாங்கினாத்தான் வரும்.

வாசகர், திருச்சி

*மிலிட்டரில இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆகி வரேன், வீட்டைப் பார்க்காமயே பிடிச்சிருக்கு, டோக்கன் அட்வான்ஸ் போடறேன்னு ஒருத்தர் ஐடி கார்டு எல்லாம் அனுப்பினார். க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் பண்ணுங்கறார்.*

ஸ்கேன் பண்ணாதீங்க, பிளாக் பண்ணுங்க. பணம் வாங்கறதுக்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம், பின் போட்டாலே பணம் நம்மகிட்டேருந்து போகுதுன்னுதான் அர்த்தம். அந்த ஐடி கார்டு கூட இதே மாதிரி வேற யாராவது ஏமாந்து அனுப்பினதா இருக்கும். ஏற்கனவே பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930-க்கு போன் பண்ணுங்க, லேட் ஆக ஆக கஷ்டம். வீட்டைக் கண்ணால பார்க்காம அட்வான்ஸ் போடற ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல சார். நிஜ அட்வான்ஸும் 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ இருந்தா ரொக்கமா வாங்கக்கூடாது, பேங்க் வழியாத்தான் வரணும், அதுக்கு அக்கவுன்ட் நம்பரும் ஐஎஃப்எஸ்சியும் போதும், பாஸ்புக் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினா உங்ககிட்ட எவ்வளவு இருக்குன்னும் சேர்ந்து போயிடும்.

வாசகி, வேளச்சேரி

*நாங்க வாடகைக்கு இருக்கோம். ஓனர் வீட்டை விக்கிறார். தினமும் ரெண்டு மூணு பேர் வராங்க, சொல்லாம கொள்ளாம. நான் நைட்டில இருக்கேன், குழந்தை தூங்கறா, ஒருத்தர் பெட்ரூமுக்குள்ள வந்து வீடியோ எடுத்துட்டே போறார். ஓனர்கிட்ட சொன்னா "என் வீடுதானேம்மா"ங்கறார்.*

இந்தக் கடிதத்துக்குத்தான் நான் ரொம்ப நேரம் யோசிச்சேன், ஏன்னா விக்கிறவங்களோட அந்தரங்கம்னு நாம பேசிட்டு இருக்கோம், உள்ள குடியிருக்கறவங்களை மறந்துடறோம்.

வீடு அவரோடதுதான், குடித்தனம் உங்களோடது. வீட்டு ஓனர், வாடகைதாரர் ரெண்டு பேரோட உரிமை, பொறுப்புகளுக்குன்னு தமிழ்நாட்டுல 2017-ல வந்த சட்டம் 2019-லேருந்து நடைமுறைல இருக்கு, அதுல ஓனர் உள்ள வரணும்னா 24 மணி நேரத்துக்கு முன்னாடி எழுத்துல சொல்லணும்னு இருக்கு. சண்டைக்குப் போக வேண்டாம்மா, வாட்ஸ்அப்ல மரியாதையா ஒரு மெசேஜ் போடுங்க: "சார், வீடு காட்ட எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. சனி, ஞாயிறு 11-லேருந்து 1 மணி வரைக்கும் வரச் சொல்லுங்க, முந்தின நாளே சொல்லிடுங்க. குழந்தை இருக்கா, உள்ள யாரும் வீடியோ எடுக்க வேண்டாம். போட்டோ வேணும்னா நாங்களே எடுத்துத் தரோம்." எழுத்துல இருந்தா அவருக்கும் புரியும், நாளைக்கு உங்களுக்கும் உதவும். போட்டோவை நீங்க எடுத்துக் குடுத்தா உங்க சாமான் எதுவும் வராம எடுக்கலாம் பாருங்க. அதையும் மீறி யாராவது மொபைலைத் தூக்கினா "எடுக்காதீங்க"ன்னு வாய்விட்டு சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. ஏற்கனவே எடுத்த வீடியோ எந்த வெப்சைட்லயாவது இருக்கான்னு வீட்டு ஏரியா போட்டு ஒருதடவை தேடிப் பாருங்க, இருந்தா ஓனர்கிட்ட சொல்லி எடுக்க வைங்க.

வாசகர், சிங்கப்பூர்

*தஞ்சாவூர்ல எங்க அப்பா வீடு பூட்டியே கிடக்கு. விக்கணும். "விற்பனைக்கு"ன்னு போர்டு மாட்டி என் நம்பரைப் போடலாமா? தம்பிக்கு பவர் குடுக்கலாம்னு இருக்கேன்.*

போர்டு வேண்டாம் தம்பி. பூட்டின வீட்ல போர்டு மாட்டறது, இங்க யாரும் இல்ல, ஓனர் வெளிநாட்டுலன்னு நாமளே மைக் போட்டு சொல்றது. போலிப் பத்திரம் போட்டு ஏமாத்தற கும்பல் தேடறதும் இந்த மாதிரி வீட்டைத்தான், ஓனர் நேர்ல வரமாட்டார்னு தெரிஞ்சா ஆள்மாறாட்டம் ஈஸி. வாசல்ல விழற நோட்டீஸ், லெட்டரை எல்லாம் வாரம் ஒருதடவை எடுக்கவும், ஒரு லைட் போட்டு அணைக்கவும் ஆள் வைங்க. வில்லங்கத்தை நீங்களே அங்கேருந்து அடிக்கடி ஆன்லைன்ல பாருங்க, நமக்குத் தெரியாம ஏதாவது பதிவாகியிருந்தா சீக்கிரம் தெரியும்.

பவர், அதாவது உங்க சார்பா விக்கற அதிகாரப் பத்திரம், குடுக்கறப்போ பொதுவா எல்லா சொத்துக்கும்னு எழுதாம இந்த ஒரு வீடு, இந்த சர்வே நம்பர், பத்திரம் எழுதிக் குடுக்கற அதிகாரம், இவ்வளவோட நிறுத்துங்க. பணம் உங்க அக்கவுன்டுக்கே வரணும்னு அதுலயே எழுதிடுங்க. அங்க இந்தியன் ஹைகமிஷன்ல அட்டெஸ்ட் பண்ணி அனுப்பினா இங்க வந்து சேர்ந்த 3 மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டி முறைப்படுத்தணும், அது தம்பியோட வேலை. பாஸ்போர்ட் காப்பியை டாக்குமென்ட் ரைட்டர் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பாம தம்பி மூலமா குடுங்க, அங்க ஒரே கம்ப்யூட்டர்ல ஊர்ல பாதிப் பேரோட பாஸ்போர்ட் இருக்கும். நீங்க என்ஆர்ஐ-ங்கறதால மேல சொன்ன 1 சதவீத டிடிஎஸ் கணக்கு உங்களுக்கு இல்ல, அது வேற, ஆடிட்டரைக் கேட்டுட்டு விலை பேசுங்க.

வாசகர், சேலம்

*வித்து முடிச்சாச்சு. அடுத்த வாரம் காலி பண்றோம். இனிமே கவனிக்க ஏதாவது இருக்கா?*

இருக்கு சார். காலி பண்றப்போ பழைய பேப்பர்காரர்கிட்ட மூட்டையாப் போடறோமே, அதுல பேங்க் ஸ்டேட்மென்ட், எழுதிக் கிழிக்காத செக் லீஃப், ஸ்கேன் ரிப்போர்ட், பிள்ளைங்க மார்க் ஷீட் ஜெராக்ஸ் எல்லாம் போகும். ஒரு சாயங்காலம் உக்காந்து பேரு, நம்பர் இருக்கறதைத் தனியாப் பிரிச்சுத் தண்ணில ஊறவச்சுக் கிழிச்சுப் போடுங்க. சிசிடிவி விட்டுட்டுப் போறீங்கன்னா ஆப்ல உங்க அக்கவுன்டை எடுத்துட்டு பாக்ஸை ரீசெட் பண்ணுங்க, இல்லைன்னா புதுசா வந்தவங்க வீட்டை நீங்க பார்த்துட்டு இருப்பீங்க, அதுவும் தப்புதானே. வைஃபை ரவுட்டரும் அப்படித்தான். இபி, சொத்து வரி, தண்ணி வரி எல்லாம் அவங்க பேருக்கு மாத்தியாச்சான்னு கேட்டுப் பாருங்க, மாத்தலைன்னா பில்லு மெசேஜ் உங்க போனுக்கே வந்துட்டு இருக்கும். ஆதார், பேங்க், இன்சூரன்ஸ்ல அட்ரஸ் மாத்துங்க, சாப்பாடு ஆர்டர் பண்ற ஆப்லயும். புது கார்டு, செக் புக் ஏதாவது பழைய அட்ரஸுக்குக் கிளம்பியிருக்கான்னு பேங்க்ல ஒருவார்த்தை கேளுங்க.

விளம்பரம் போட்ட வெப்சைட்ல "விற்றாகிவிட்டது"ன்னு மாத்தினா மட்டும் பத்தாது, படங்களோட சேர்த்து அழிச்சிடுங்க, அது இப்போ அவங்க வீடு. விக்கிறதுக்குன்னு தனி சிம் வாங்கியிருந்தா பதிவு முடிஞ்ச கையோட தூக்கிப் போட்டுடாதீங்க, டிடிஎஸ் சர்டிபிகேட் கைக்கு வர்ற வரைக்கும் வாங்கினவர் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவார். அதுக்கு அப்புறம் விட்டுடலாம், கட் ஆன நம்பரை 90 நாள் கழிச்சு வேற யாருக்காவது குடுத்துடுவாங்க, அதனால அதுல இருந்த வாட்ஸ்அப் அக்கவுன்டை முதல்ல டெலிட் பண்ணிட்டு விடுங்க.